குரங்குகள் கத்தும் நேரம்

பிப்ரவரி 3, 1992

முதல் தாளின் இரண்டு பக்கமும் என் பெயரை எழுதி நிரப்பிவிட்டேன். வெள்ளைக்கண்ணு. நாற்பத்தொரு தடவை. முதல் பத்து கோழி கிளறியது போல இருக்கிறது. கடைசி நாலைந்தை யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். எழுபத்தொரு வருஷமாக என் பெயர் மற்றவர்கள் வாயில்தான் இருந்தது. இனி எவனாவது மைப்பெட்டியோடு வந்து கட்டைவிரலைக் கேட்டால் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

இதை எழுத ஒரு மணி நேரம் ஆனது. சந்தோஷம்.

பிப்ரவரி 4

பெயர் எழுதிய தாளைக் கிழித்து மருமகளிடம் காட்டலாம் என்று பார்த்தேன். டீச்சர் தடுத்துவிட்டார்.

"கிழிக்காதீங்க தாத்தா. இது நடுவுல பின் அடிச்ச நோட்டு. முன்னால ஒரு தாளைக் கிழிச்சா பின்னால அதோட ஜோடித் தாளும் கழண்டு வந்துரும்."

டீச்சர் பெயர் அமலோற்பவம். பகலில் பால்வாடியில் வேலை. சாயங்காலம் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் எங்களுக்கு அறிவொளி வகுப்பு எடுக்கிறார். இருபத்துமூன்று பேர் படிக்கிறோம். பாதிப் பேர் கல் உடைக்கிற பெண்கள். தினம் ஏதாவது எழுத வேண்டும், மேலே தேதி போட வேண்டும். இது டீச்சர் சட்டம். தேதி இல்லாவிட்டால் சிவப்பு மையில் பெரிதாகச் சுழித்துவிடுவார்.

வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எனக்கு ஒரு பழைய தழும்பு. பட்டாளத்தில் கழுதை கடித்தது. பேனா பிடித்தால் அங்கேதான் வலிக்கிறது.

பிப்ரவரி 6

பொன்னழகு டீக்கடையின் பலகையில் "ஸ்ரீ பாலதண்டாயுதபாணி காபி கிளப்" என்று எழுதியிருக்கிறது! இருபத்தெட்டு வருஷமாக அதன் அடியில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். எழுத்துக் கூட்டி நான் படித்து முடிக்கும்வரை கடையில் ஒருவரும் பேசவில்லை.

"எங்க மாமனார் வெச்ச பேரு. நானே மறந்துட்டேன் பெரிசு" என்றான் பொன்னழகு. டீக்குக் காசு வாங்கவில்லை.

பிப்ரவரி 9

"கழுதைக் கதையை எழுது பெரிசு" என்கிறார்கள் கடையில். எழுதுகிறேன்.

நான் பட்டாளத்தில் சுமைக் கழுதை ஓட்டினவன். சண்டை வெள்ளைக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும். இடம் பர்மா மலை. வண்டி போகாத மலை. அரிசி, குண்டு, மருந்து எல்லாம் கோவேறு கழுதையின் முதுகில்தான். எங்கள் ஊரிலிருந்து போனது இரண்டு பேர், நானும் சோலைமுத்துவும். அவன் என்னைவிட இரண்டு வயது சின்னவன். அவன் ஓட்டிய கழுதைக்கு மைனா என்று பெயர் வைத்திருந்தான்.

காட்டுக்குள் போகும் முன்னால் ஒரு முகாமில் எல்லாக் கழுதைக்கும் குரலை அறுத்தார்கள். ஒரு கழுதை கத்தினால் மொத்தக் கம்பெனியும் எதிரியிடம் மாட்டிக்கொள்ளும், அதனால் அப்படி உத்தரவு. மிருக டாக்டர் மயக்க மருந்து வைத்துத் தொண்டையில் சின்னதாகக் கீறி ஏதோ ஒன்றை எடுத்துவிடுவார். மயக்கம் தெளிந்து எழுந்ததும் கழுதை கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, பல்லெல்லாம் தெரியக் கத்தும். காற்றுதான் வரும். கொல்லன் துருத்தி ஊதுகிற மாதிரி. வரவில்லையே என்று மறுபடி கத்திப் பார்க்கும். முதல் நாள் முழுக்க அப்படிப் பார்த்துக்கொண்டே இருக்கும். மறுநாளிலிருந்து பேசாமல் இருந்துவிடும்.

அப்படிக் குரல் இல்லாத மைனா ஒரு நாள் காலைப் பனியில் மனுஷக் குரலில் கத்தியது. கத்திக்கொண்டே காட்டுக்குள் ஓடியது. அதைப் பிடிக்கப் போன சோலைமுத்து திரும்பி வரவில்லை.

இதுதான் கதை. கடையில் நூறு தடவை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கித் தழும்பைக் காட்டுவேன். சொன்னால் அரை மணி நேரம் வரும். எழுதினால் கடைசிப் பகுதி நாலு வரிதான் இருக்கிறது.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதை இரண்டு தடவை படித்தேன். சொல்லும்போது இருக்கிற ருசி இல்லை.

பிப்ரவரி 13

டீச்சர், "வேற மிருகம் எதுவும் பாக்கலையா தாத்தா?" என்றார். பார்த்தேன்.

ஒரு யானை. காலில் அறுந்த சங்கிலி. மரம் இழுக்கிற யானையாக இருக்க வேண்டும், பாகன் சண்டைக்குப் பயந்து ஓடியிருப்பான். எங்கள் முன்னால் வந்து நின்று ஒரு முன்காலை மடக்கித் தூக்கியது. ஏறிக்கொள் என்கிறதா, சங்கிலியைக் கழற்று என்கிறதா, தெரியவில்லை. அதற்குப் பழக்கிய பேச்சு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சோலைமுத்து கிட்டப் போய், "கால எறக்கு ராசா" என்று மெல்லச் சொன்னான். அது இறக்கவில்லை. இரண்டு நாள் எங்கள் பின்னாலேயே வந்தது. ஆறு குறுக்கிட்டதும் நின்றுவிட்டது. அக்கரையிலிருந்து திரும்பிப் பார்த்தேன். காலைத் தூக்கிக்கொண்டுதான் நின்றது.

அப்புறம் குரங்கு. வால் இல்லாத குரங்கு. கை நீளம். ஆண் கறுப்பு, புருவம் மட்டும் வெள்ளை. காலையில் வெயில் மர உச்சியைத் தொட்டதும் ஒன்று "ஊ" என்று ஆரம்பிக்கும். உடனே அதன் பெட்டை, உடனே அடுத்த மரம், அடுத்த மலை. காடே ஊளையிடும். கால் மணி நேரம் ஓயாது. பக்கத்தில் இருப்பவன் காதில் வாயை வைத்துப் பேசினாலும் கேட்காது.

எங்களுக்குப் பேசக்கூடாது, இருமக்கூடாது என்று உத்தரவு. அதனால் குரங்கு கத்தும் நேரம்தான் எங்கள் நேரம். இருமலை அடக்கினவன் இருமுவான். ஹவில்தார் பஸந்த் சிங் தாடி ஆடப் பாடுவார். நான் எங்கள் ஊர் ஐயனாரைக் கெட்ட வார்த்தையில் திட்டுவேன், என்னை இங்கே கொண்டுவந்து விட்டாயே என்று. சோலைமுத்துவுக்கு ஒரே ஒரு வார்த்தைதான். "அடைக்கீ" என்பான். அவன் பெண்டாட்டி பெயர். நாலு மாதம்தான் சேர்ந்து வாழ்ந்திருந்தார்கள். கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவான். குரங்கு ஓய்ந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு மைனாவுக்குத் தீனி வைக்கப் போய்விடுவான்.

கழுதைகளும் அந்த நேரத்தில் கழுத்தை நீட்டும். அவற்றுக்கு அப்போதும் காற்றுதான்.

பனி மூடிய நாளில் குரங்கு தாமதமாகக் கத்தும். வெயிலைப் பார்த்தால்தான் அதற்கு விடிந்த கணக்கு.

பிப்ரவரி 14

டீச்சர் படித்துவிட்டு, "எழுத்து திருந்திருச்சு தாத்தா" என்றார். வீடு வரைக்கும் இதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

பிப்ரவரி 19

அடைக்கியும் எங்கள் வகுப்பில்தான் படிக்கிறாள். நான் இதுவரை இதை எழுதவில்லை.

முன்வரிசையில் உட்காருவாள். கல் உடைத்துக் காய்த்த கை. ஆனால் எழுத்து என்னுடையதைவிட அழகு. அறுபத்தாறு வயது. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கழுத்தில் மஞ்சள் கயிறு, ஆடிப்பெருக்குக்கு ஆடிப்பெருக்கு புதிதாக மாற்றிக்கொள்கிறாள்.

நாற்பத்தாறாம் வருஷம் நான் ஊர் திரும்பியபோது, பஸ் நின்ற இடத்துக்கே வந்துவிட்டாள். அவன் "காணவில்லை" என்று பட்டாளத்திலிருந்து கடிதம் வந்திருந்ததாம்.

"பொணத்தைப் பாத்தீங்களாண்ணே?" என்று கேட்டாள்.

"இல்ல ஆத்தா. கழுதையைத் தேடிப் போனவன் வரலை" என்றேன்.

"அப்ப வருவாரு" என்றாள். அப்போது அவளுக்கு இருபது வயது. நான் தலையை ஆட்டினேனா இல்லையா, நினைவில்லை.

பிப்ரவரி 20

நேற்று எழுதிய கடைசி வரி தப்பு. ஆட்டினேன்.

பிப்ரவரி 26

உர மூட்டை, சோப்புக் காகிதம், தீப்பெட்டி எல்லாம் படித்தாகிவிட்டது. மருமகள் பக்கத்து வீட்டில் சொல்கிறாள்: "எங்க மாமா இப்பச் சாமியைக் கும்பிடுறதில்லை. காலையில எந்திரிச்சதும் தீப்பெட்டியைத்தான் கண்ணுல ஒத்திக்கிறாரு." சிரித்தேன். தீப்பெட்டியில் ஒரு பெயர் தப்பாக அச்சாகியிருக்கிறது, அதையும் நானே கண்டுபிடித்தேன்.

மார்ச் 3

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு அடைக்கி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏறி இறங்கும் மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பெரியாஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்து, இதயம் வீங்கியிருக்கிறது என்றார்களாம்.

"எனக்கு நாள் நெருங்கிருச்சுண்ணே."

"டாக்டரா சொன்னாரு?"

"டாக்டரு மாத்திரைதான் சொன்னாரு. நாள் சொல்றது கொழுந்தன் மகன். என் காதுபடவே பொண்டாட்டிகிட்டக் கேக்குறான், பெரியம்மாவைப் பூவும் பொட்டுமா தூக்குறதா, எல்லாத்தையும் எறக்கிட்டுத் தூக்குறதான்னு. தெருவுல ரெண்டு கட்சியாயிருச்சு." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"எனக்குப் பூ இருந்தா என்ன, போனா என்ன. அவரு செத்திருந்தா, நாப்பத்தெட்டு வருசமா ஒரு கை எள்ளுத் தண்ணி எறைக்க ஆளில்லாம நிக்கிறாரு. உசுரோட இருக்குறவருக்கு எறைச்சாலும் பாவம். செத்தவருக்கு எறைக்காட்டியும் பாவம். நான் போறதுக்குள்ள ஏதாச்சும் ஒண்ணு தெரியணும். நீங்க கூட இருந்தவரு. பாத்ததை எழுதிக் குடுங்க. நானே படிச்சுக்கிறேன்."

"எத்தனையோ தடவை சொல்லிருக்கேனே ஆத்தா."

"வாயால வேணாம். வாயால நீங்க சொல்றப்பக் கேக்க நல்லாருக்கு. அதான் வேணாம்."

மார்ச் 4

ஆட்டுக்குக் கழிச்சல். எழுதவில்லை.

மார்ச் 5

ஆடு தேறிவிட்டது. எழுதவில்லை.

மார்ச் 9

தனிக் காகிதத்தில் எழுதி அடைக்கியிடம் கொடுத்தேன். பிப்ரவரி 9 அன்று எழுதியதைத்தான் பார்த்து எழுதினேன். எழுத்து நன்றாக வந்திருந்தது.

மார்ச் 11

அடைக்கி காகிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். நாலு தடவை படித்தாளாம். இரண்டு இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

"இங்க, கழுதைக்குக் கொரலை அறுத்தாச்சுன்னு எழுதிருக்கீங்க."

"ஆமா."

"இங்க, கழுதை மனுசன் மாதிரிக் கத்துச்சுன்னு எழுதிருக்கீங்க."

"ஆமா. அதான் அதிசயம்."

"எனக்கு அதிசயம் வேணாம்ணே. கத்துனது யாரு?"

நாற்பத்தைந்து வருஷமாக என்னிடம் இதைக் கேட்டவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். ஒருவரும் இதைக் கேட்கவில்லை. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"இன்னொண்ணு. தேதி போடலை" என்றாள்.

"போட்ருக்கேனே, மார்ச் ஒம்பது."

"அது நீங்க எழுதுன தேதி. அவரு போன தேதியைப் போடுங்க. தண்ணி எறைக்கிறதுன்னா அது வேணும்."

மார்ச் 12

வகுப்புக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன்.

மார்ச் 13

காய்ச்சல் இல்லை.

மார்ச் 16

ஒன்று மட்டும் எழுதுகிறேன். மைனா ஓடவில்லை. சண்டை முடிகிறவரை என்னோடுதான் இருந்தது. என் கழுதை வழியில் செத்துப்போனதால் மைனாவை எனக்குக் கொடுத்தார்கள். முடிந்த பிறகு முகாமில் நானே கயிற்றோடு ஒப்படைத்தேன். திரும்பி நடக்கும்போது துருத்திச் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொன்று. அது யாரையும் கடித்ததில்லை.

மார்ச் 22

கடைக்கு வெளியூர் லாரிக்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். பொன்னழகு, "பெரிசு, அந்தப் பேசுற கழுதையை அவுத்து விடு. அண்ணன்மாருங்க கேக்கட்டும்" என்றான். இன்றைக்குக் கதை வரவில்லை என்றேன்.

"என்ன பெரிசு, எழுத்து வந்ததும் பேச்சு போயிருச்சா? கழுதைக்கு அறுத்த மாதிரி உனக்கும் அறுத்துட்டாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 30

நாலு நாளாக முன்வரிசையில் அடைக்கி இடம் காலி. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்து நேற்றுதான் அனுப்பினார்களாம். போய்ப் பார்த்தேன். கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. தலைமாட்டில் பாடப் புத்தகம், நோட்டு, பென்சில். நான் எதுவும் சொல்லும் முன்னால் அவளே கேட்டாள்.

"எழுதிட்டீங்களா?"

"எழுத வரலை ஆத்தா."

"எந்த எழுத்து வரலை? சொல்லுங்க, நான் போட்டுக் காட்டுறேன்."

கேலி இல்லை. நிஜமாகவே பென்சிலை எடுத்துவிட்டாள்.

"எழுத்தெல்லாம் வருது" என்றேன்.

என்னையே பார்த்தாள். பிறகு பென்சிலைக் கீழே வைத்தாள். "சித்திரைக்குள்ள குடுத்துருங்கண்ணே. அதுக்கப்புறம் யாருகிட்டக் குடுப்பீங்க?" என்றாள்.

ஏப்ரல் 7

தேதியைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்போது எனக்குத் தேதி, கிழமை எதுவும் தெரியாது. காட்டில் எல்லா நாளும் ஒன்றுதான். ஆனால் சோலைமுத்து போனதற்கு முந்தின நாள் ஹவில்தார் பஸந்த் சிங் எல்லாருக்கும் வெல்லம் கொடுத்தார். பைசாகி என்றார், அவர்கள் ஊர்ப் பண்டிகை. சோலைமுத்து என் காதில், "நம்ம ஊர்லயும் இன்னைக்கு வருசப் பிறப்புதாண்டா. எனக்குக் கணக்கு இருக்கு" என்றான். அவன் மைனாவின் சேணத்தில் தினம் ஒரு கோடு கீறி வந்தான்.

டீச்சரிடம் கேட்டேன். மறுபேச்சு இல்லாமல் தலைமை ஆசிரியர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே பழைய பஞ்சாங்கக் கட்டு இருந்தது. தாரண வருஷம் சித்திரை ஒன்று, வியாழக்கிழமை. பைசாகியும் அன்றைக்கே வரும் என்றார்கள்.

அப்படியானால் வெள்ளிக்கிழமை.

"எதுக்குத் தாத்தா?" என்று வழியில் டீச்சர் கேட்டார். "தேதி போடாட்டி நீங்கதான சுழிப்பீங்க" என்றேன். அவருக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் 10

நோட்டில் கடைசித் தாள்தான் மிச்சம். போதும்.

ஏப்ரல் 14, 1944. தாரண வருஷம் சித்திரை 2, வெள்ளிக்கிழமை, காலை

நாங்கள் ஏழு பேர். ஒன்பது கழுதை. பனி. மலைச்சரிவில் இறங்கும்போது சோலைமுத்து வழுக்கி விழுந்தான். குண்டுப் பெட்டிகளோடு மைனா அவன் மேல் விழுந்தது. மைனா எழுந்துவிட்டது. அவனுக்கு இடுப்புக்குக் கீழே நசுங்கிவிட்டது. முதலில் அவன் கத்தவில்லை. மூங்கில் புதருக்குள் இழுத்துக்கொண்டு போய்ப் படுக்க வைத்தோம்.

கீழே ஆற்றோரப் பாதையில் ஜப்பான்காரர்கள் வந்தார்கள். பனியில் ஆள் தெரியவில்லை. பேச்சு கேட்டது, தகரக் குவளை தட்டும் சத்தம் கேட்டது. நிறையப் பேர். தண்ணீர் குடிக்க எங்களுக்கு நேர் கீழே நின்றுவிட்டார்கள்.

அப்போது சோலைமுத்து கத்தினான். கத்தியது சோலைமுத்து. கழுதை இல்லை.

கீழே பேச்சு நின்றது. ஹவில்தார் என்னைப் பார்த்தார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. நான் வலது கையை அவன் வாயில் வைத்து அழுத்தினேன். எனக்குப் பெரிய கை. மூக்கும் சேர்ந்து மூடியது. மூடியது எனக்குத் தெரியும். அவன் காதில் சொன்னேன், "கொஞ்சம் பொறுடா. கொரங்கு கத்தட்டும். அப்புறம் எம்புட்டு வேணும்னாலும் கத்து." அவன் தலையை ஆட்டினான். சரி என்று ஆட்டினானா, கையை எடு என்று ஆட்டினானா, இன்றுவரை தெரியவில்லை.

பனியில் வெயில் வரவில்லை. குரங்கு கத்தவில்லை. என் கையை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, கடித்தான். எலும்பு வரைக்கும் கடித்தான். நான் எடுக்கவில்லை. பிறகு கடி விட்டுப்போனது. அப்போதும் எடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மர உச்சியில் மஞ்சளாக வெயில் பட்டது. ஒரு குரங்கு "ஊ" என்றது. பிறகு மலை முழுக்கக் கத்தியது. கையை எடுத்தேன். "இப்பக் கத்துடா" என்றேன். "அடைக்கீன்னு கத்துடா" என்றேன். அவன் கத்தவில்லை. நான்தான் கத்தினேன். அன்றைக்கு உன் பெயரைக் கத்தியது நான்தான் ஆத்தா.

மைனா அவன் தலைமாட்டில் நின்றுகொண்டு கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது. எல்லாக் குரங்கும் ஓய்ந்த பிறகும் அது வாயை மூடவில்லை.

ஜப்பான்காரர்கள் போய்விட்டார்கள். குரங்கு கொஞ்சம் முன்னால் கத்தியிருந்தால் அவன் கத்தியது ஒருவர் காதிலும் விழுந்திருக்காது. ஆழமாகத் தோண்ட நேரமில்லை. கல் அடுக்கி மூடினோம். சட்டைப் பையில் அவன் பாதி தின்று வைத்திருந்த வெல்லம் இருந்தது. அதை எடுக்கவில்லை. "காணவில்லை என்று எழுதிக்கொள்கிறேன்" என்றார் ஹவில்தார். சரி என்றேன்.

பிணத்தைப் பார்த்தீர்களா என்று நீ கேட்டாய். பார்த்தேன்.

ஏப்ரல் 12, 1992

தாள் தீர்ந்துவிட்டது. அட்டையின் உள்பக்கத்தில் எழுதுகிறேன்.

இன்று காலை நோட்டை அடைக்கியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். போய்விடலாம் என்று எழுந்தேன். "உக்காருங்க" என்றாள். கடைசித் தாளை விரித்து விரலை வைத்துக்கொண்டு சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு மனசுக்குள் படிக்க இன்னும் வராது. எனக்கும் வராது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்து, நடுவில் மூச்சுக்கு நிறுத்தி, மறுபடி அதே வரியைத் தொட்டுப் படித்தாள். நான் எழுதிய நேரத்தைவிடப் படித்த நேரம் அதிகம் போலிருந்தது. "அழுத்தினேன்" என்ற இடத்தில் ஒரு தடவை சிக்கி, முதலிலிருந்து கூட்டினாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடித்துத் தாளின் மேல் கையை வைத்துக்கொண்டாள். வெளியே கொழுந்தன் மகன் மாட்டை அதட்டிக்கொண்டிருந்தான்.

"கையைக் காட்டுங்கண்ணே" என்றாள்.

காட்டினேன். மடியில் வைத்துக்கொண்டு தழும்பைக் கட்டைவிரலால் தடவினாள். ஒரு ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்தி ஒரு இடத்தில் நிறுத்தினாள். அங்கே தழும்பு வரிசை விலகிக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும்.

"இந்தப் பல்லு அவருக்குக் கோணல்" என்றாள்.

அழவில்லை. கையையும் விடவில்லை. நானாக இழுத்துக்கொள்ளவும் இல்லை. வெயில் வாசற்படியிலிருந்து கட்டில் காலுக்கு வந்த பிறகுதான் விட்டாள்.

பிறகு கடைசித் தாளை நோட்டிலிருந்து கிழித்தாள். டீச்சர் சொன்னது சரி. முதல் தாள் தானாகக் கழன்று தரையில் விழுந்தது. இரண்டு பக்கமும் என் பெயர் எழுதிய தாள். குனிந்து எடுத்து மடித்துப் பையில் வைக்கப் போனேன்.

"அதையும் குடுங்க. சாட்சி சொன்னவரு கையெழுத்து வேணும்ல."

கொடுத்தேன். இரண்டையும் சேர்த்து மடித்துப் பாடப் புத்தகத்துக்குள் வைத்தாள். நோட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நாளைக் கழிச்சுச் சித்திரை ரெண்டு. கயித்தை நானே கழட்டிக்கிறேன், எவளும் கை வைக்க வேணாம். விடிஞ்சதும் கொளத்துக்கு வந்துருங்க. எள்ளு நான் கொண்டாறேன். கொழுந்தன் மகன் எறைக்க வேணாம். நீங்கதான் எறைக்கணும்."

"நானா?"

"வேற யாரு?" என்றாள். திரும்பிச் சுவர்ப் பக்கமாகப் படுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். என் அப்பாவுக்கு இறைத்தது நினைவிருக்கிறது. எள்ளை வலது உள்ளங்கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதன் மேல் தண்ணீரை விட வேண்டும். தண்ணீர் விரல் நுனி வழியாக விழக்கூடாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சரிந்துதான் விழ வேண்டும்.